பனிக்குகையின் பின்வாசல்

ஜூலை 4

முன் ஸ்பிரிங் மறுபடி உடைந்தது. போன கோடையில்தான் மாற்றினேன். ஸவேலிச்சிடம் சொன்னால், "நீ ஓட்டுற ஓட்டுக்கு டாங்கிக்கே ஸ்பிரிங் ஒடையும், ஜீனா" என்கிறார். முதலாளி வாய் அல்லவா, எதுவும் பேசும். எரிமலைக் கல் மேல் ஆறு சக்கரத்தையும் ஏற்றி இறக்கிப் பார்த்தால் தெரியும் அவருக்கு.

சாயங்காலம் தங்கை ஆல்யா வீட்டுக்கு ஒரு சால்மன் கொண்டுபோனேன். கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றாள். மீனை நீட்டினால் வாங்கமாட்டேன் என்கிறாள்!

"வாசப்படிக்கு மேல நீட்டாதக்கா. ஒண்ணு நீ உள்ள வா, இல்ல நான் வெளிய வரேன்."

"மீன்டீ இது. மீனுக்குமா?"

"எதுக்கும்தான். படி தாண்டிக் கொடுத்தா உறவு அறுந்துடும். அம்மா எத்தன தடவ சொல்லியிருக்கா."

சின்ன வயதிலிருந்தே இவள் இப்படித்தான். உப்பு கேட்டு வரும் பக்கத்து வீட்டுக்காரியைக்கூடக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துத்தான் கொடுப்பாள். எனக்கும் அம்மா சொன்னதுதான். ஆனால் ஒரு மீனுக்காக பூட்ஸைக் கழற்ற வேண்டுமா? கழற்றினேன். உள்ளே போனேன். அடுப்பங்கரை வெளிச்சத்தில்தான் பார்த்தேன். ஜூலை மாதத்தில் கழுத்தில் துணி சுற்றியிருக்கிறாள். பிடித்து இழுத்தேன். விரல் தடம். நீலமாக.

"கதவுல இடிச்சுக்கிட்டேன்."

கதவுக்கு அஞ்சு விரல் இருக்காடீ?

ஜூலை 5

என் கை ஆல்யா புருஷன் கிளிமின் கழுத்தைச் சுற்றி வருமா என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன். வரும்.

ஜூலை 9

சுற்றுலாப் பயணிகளோடு இந்தப் பருவத்தின் முதல் பனிக்குகைப் பயணம். மூன்று பேரும் ஒரே வண்டி. நான் ஓட்டுநர், தங்கை சமையல், தங்கை புருஷன் வழிகாட்டி. ஸவேலிச் இதைக் "குடும்ப நிறுவனம்" என்று சொல்லிச் சிரிப்பார். நல்ல குடும்பம் போங்கள்.

மலை இன்று நன்றாகவே இருந்தது. வாயிலிருந்து வெள்ளைப் புகை, கந்தக நாற்றம், அவ்வளவுதான். வண்டியை எரிசாம்பல் மேட்டில் நிறுத்திவிட்டு நானும் உள்ளே போனேன். வழக்கமாகப் போகமாட்டேன். பனியாற்றுக்கு அடியில் வெந்நீர் ஓடை குடைந்து வைத்திருக்கும் அந்தச் சுரங்கத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. ஆனால் ஆல்யாவை அவனோடு தனியாக விட மனமில்லை. கூரையெல்லாம் நீலம், நடுநடுவே பழைய வெடிப்புகளின் சாம்பல் கறுப்புக் கோடுகளாக. சொட்டுச் சொட்டாய்த் தலையில் விழுகிறது. காலுக்கடியில் ஓடை வெதுவெதுப்பு, தலைக்கு மேல் உறைபனி. கடைசியில், கூரை சரிந்து மேலே ஏறும் இடத்தில் ஒரு பொத்தல், அதன் வழியே வானம். நாங்கள் அதைப் பின்வாசல் என்போம்.

கடல் தாண்டிப் பெருநிலத்திலிருந்து வந்த பயணிகள் கூட்டம் வாயைப் பிளந்து நின்றது. கிளிமுக்கு அது போதும். ஆரம்பித்துவிட்டான்.

"போன வருஷம் இங்கதான் ஒரு கரடி படுத்திருந்துச்சு. வெயிலும் கொசுவும் தாங்காம அதுங்க பனியத் தேடி வரும். நான் என்ன பண்ணேன்? தீக்குழல் கயிற இழுத்தேன். ஒரே ஓட்டம்! அதோ அந்தப் பின்வாசல் வழியா, வாலச் சுருட்டிக்கிட்டு!"

பெண்கள் சிரித்தார்கள். கரடிக்குப் பெரிய வாலா இருக்கிறது சுருட்ட? ஆனாலும் சிரித்தார்கள். பார்க்க லட்சணமாக இருப்பான், கதை சொல்வான், கை கொடுத்துத் தூக்கிவிடுவான். ஊருக்கே அவன் தங்கக் கம்பி. அப்புறம் இடுப்பிலிருந்த தீக்குழல் ஒன்றை உருவி, போட்டோவுக்காகக் கயிற்றை இழுத்தான். சிவப்பு நெருப்பு சீறிக்கொண்டு வந்தது. குகை முழுக்க ரத்தம் பூசியது போல ஆனது. கரடிக்காகக் கொடுத்ததை இப்படி எரிக்காதே என்று ஸவேலிச் எத்தனை முறை சொல்லியிருக்கிறார்.

ஆல்யா என் பக்கத்தில் நின்றாள். அவன் கை உயர்ந்ததும் தோள் ஒடுங்கியது. நெருப்புக்காக இல்லை. அந்தக் கைக்காக.

ஜூலை 13

ஆல்யா தன் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். கையில்! கைக்குட்டையில் சுற்றி, ஏதோ கம்மல் தொலைந்து கிடைத்த மாதிரி. உதடு கிழிந்திருந்தது. சூப்பில் உப்பு அதிகமாம்.

டயர் லீவரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். "அக்கா, வேணாம். அக்கா!" என்று படியெல்லாம் பின்னால் ஓடி வந்தாள். கேட்கவில்லை.

ஷெட்டில் கிளிம் படகு எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். தலை நிமிர்வதற்குள் ஒன்று போட்டேன். தோளில். அப்புறம் லீவர் எங்கே போனது என்று தெரியவில்லை. கையாலேயே. மூக்கு உடைந்த சத்தம் கேட்டது. நன்றாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் இருந்தது. எஞ்சின் எண்ணெயில் வழுக்கி விழுந்தான். விழுந்தவனை உதைத்தேன். வயிற்றில், இடுப்பில், மறுபடியும் வயிற்றில்.

அவன் திருப்பி அடிக்கவில்லை. அதுதான்… அதுதான் இப்போது உறுத்துகிறது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பல்லெல்லாம் ரத்தமாகச் சிரித்தான்.

"அடி டிரைவரம்மா, நல்லா அடி. கை ஓயற வரைக்கும் அடி. நான் வீட்டுக்குப் போய்த் தீத்துக்கறேன்."

ஜூலை 14

தீர்த்துக்கொண்டான்.

முதுகைப் பார்த்தேன். எழுத முடியாது. படகுக் கயிறு.

என்னோடு வந்துவிடு என்றேன். மலையைவிட்டே போகலாம், பெருநிலத்துக்குப் போய்விடலாம் என்றேன். குப்புறப் படுத்துக்கொண்டே பேசினாள், தலையணைக்குள்.

"வீடு அம்மா எனக்குக் கொடுத்தது. நான் ஏன் போகணும்? போக வேண்டியது அவன்."

"அவன் போவானா?"

"போகமாட்டான்."

"அப்ப போலீஸ்ல—"

"போனோமே. குடும்ப விஷயம், புருஷன் பொண்டாட்டி பேசித் தீத்துக்கங்கன்னு சொல்லி டீ கொடுத்து அனுப்பினாங்களே. மறந்துட்டியா?" தலையணையிலிருந்து முகத்தைத் திருப்பினாள். "உனக்குக் கோபம் வருது, நீ போய் அடிச்சுட்டு வந்துடற. உனக்குத் தீந்துடுது. அதுக்கப்புறம் அந்த வீட்ல இருக்கறது நான்க்கா. நீ ஒரு அடி அடிச்சா எனக்குப் பத்து. இனிமே எனக்காக எதுவும் பண்ணாத. கெஞ்சிக் கேக்கறேன்."

ஈ எறும்பைக்கூட நசுக்கமாட்டாள் இவள். சிலந்தியைக் கோப்பையில் பிடித்து ஜன்னலுக்கு வெளியே விடுவாள். ஒரே வயிற்றில் பிறந்தோம். எல்லா வெறியையும் நானே வாரி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேனா?

ஜூலை 16

வேலைக்கு வந்தான். மூக்கில் பிளாஸ்திரி. "கரடி அடிச்சிட்டுது" என்று பயணிகளிடம் கண்ணடித்துக்கொண்டு சொல்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். கட்டையில் போகிறவன்.

ஜூலை 19

காலையில் நிலம் ஆடியது. வழக்கமான ஆட்டம் இல்லை. அலமாரியிலிருந்து ஊறுகாய் ஜாடிகள் விழுந்தன. காட்டுப்பூண்டு ஊறுகாய் தரையெல்லாம். வீடே நாறுகிறது. கதவு நிலைக்கடியில் நின்றுகொண்டு கெட்ட வார்த்தை அத்தனையும் சொல்லித் தீர்த்தேன்.

மத்தியானம் மலை கறுப்பாகக் கக்கியது. வெள்ளை இல்லை, கறுப்பு. பெரிய வெடிப்பு ஒன்றுமில்லை, இருமல் மாதிரி. காயப்போட்டிருந்த துணியெல்லாம் சாம்பல். மறுபடி துவைக்க வேண்டும்.

ஜூலை 22

மலைக்குப் போகலாம் என்று அனுமதி வந்துவிட்டது. ஸவேலிச் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். பெரியவருக்கு முகமே சரியில்லை.

"குகைக்குள்ள இப்பவே போக வேணாம். ஆட்டத்துக்கு அப்புறம் கடைசி வரைக்கும் யாரும் போய்ப் பாக்கல. கூரை எப்படி இருக்கோ, பின்வாசல் எப்படி இருக்கோ. கிளிம், முதல்ல நீ தனியாப் போய்ப் பாத்துட்டு வா. அப்புறம் ஆளக் கூட்டிட்டுப் போ."

"பாத்துட்டேன்" என்றான் கிளிம்.

"எப்ப?"

"நேத்து. நடந்தே போனேன். எல்லாம் அப்படியே இருக்கு."

நேற்று முழுக்க அவன் ஷெட்டில் குடித்துவிட்டுக் கிடந்தான். எனக்குத் தெரியும். ஆல்யாவுக்கும் தெரியும். நான் அவளைப் பார்த்தேன். அவள் தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தால், அந்தப் பத்து அடி யாருக்கு?

வாயைத் திறக்கவில்லை. முதல் முறையாகத் தங்கை சொல்லைக் கேட்டேன்.

ஜூலை 24

இன்று போகிறோம். ஓம்ஸ்கிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவி மட்டும். ஆல்யாவின் இடது கண் மூடிக்கிடக்கிறது. பயணிகள் கேட்டால் கொசு கடித்து வீங்கியது என்று சொல்வாளாம்.

ஜூலை 26

மூச்சை இழுத்தால் விலா எலும்பு குத்துகிறது. கட்டுப் போட்டிருக்கிறார்கள். எழுதாமல் படுத்தால் கண்ணுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

வெயில் கொளுத்தியது. கொசு மூக்குக்குள் போனது. குகைவாயில் வந்ததும் எல்லோருக்கும் அப்பாடா என்றிருந்தது. கிளிம் முன்னால், அந்தக் கணவன் மனைவி அடுத்து, அப்புறம் நான், கடைசியில் ஆல்யா. கூட்டத்தில் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் தீக்குழல், அதுதான் வழக்கம். அவன் இடுப்பில் ஒன்று, அவள் இடுப்பில் ஒன்று.

உள்ளே போகப் போக இருட்டாக இருந்தது. இவ்வளவு இருட்டு இருக்கக்கூடாதே, கடைசியில் வெளிச்சம் விழுமே என்று எனக்குத் தோன்றியது. "கிளிம், நில்லு" என்றேன். "டிரைவரம்மாவுக்கு பயம் வந்துடுச்சு" என்று அந்த மனைவியிடம் சொன்னான். அவள் சிரிப்பதற்குள் நாற்றம் வந்தது. நனைந்த நாய் நாற்றம். அழுகிய மீன் நாற்றம்.

சுரங்கத்தின் கடைசியில் இருட்டு எழுந்து நின்றது.

இந்த ஊரில் பிறந்த பிள்ளை நடக்கக் கற்றதும் அடுத்துக் கற்பது இது. கரடியா, ஓடாதே, கயிற்றை இழு, நெருப்பைப் பார்த்தால் அது ஓடிவிடும். ஓடும்தான். வெளியில், ஆற்றங்கரையில், குப்பைமேட்டில், எத்தனை முறை பார்த்திருக்கிறேன். கிளிமும் அதைத்தான் செய்தான். பின்வாசல் வழியாக ஓடும் என்று நம்பிக் கயிற்றை இழுத்தான். நாங்கள் செய்ய வேண்டியதெல்லாம் சத்தமில்லாமல் பின்னால் நடப்பது. அது மறுபடி படுத்திருக்கும். எங்களை விட்டிருக்கும். பாவி!

சிவப்பு வெளிச்சம் எரிந்தது. அப்போதுதான் தெரிந்தது, பின்வாசலே இல்லை. ஆட்டத்தில் கூரை இடிந்து பனிப்பாளமும் சாம்பலுமாக அடைத்துக் கிடந்தது. கரடி முதலில் அங்கேதான் ஓடியது. நகத்தால் பிறாண்டியது. பனித்துண்டு தெறித்தது. வழியில்லை. பின்னால் நெருப்பு, முன்னால் சுவர். திரும்பியது. அது கத்திய கத்தலில் கூரையிலிருந்து பனி உதிர்ந்தது.

அதற்கு ஒரே வழிதான் இருந்தது. அந்த வழியில் நாங்கள் நின்றோம்.

நான் அந்தக் கணவன் மனைவியைச் சுவரோடு சேர்த்துத் தள்ளினேன். கிளிம் தீக்குழலை அதன் முகத்தில் எறிந்துவிட்டு ஓடினான். ஓடினான்! வழிகாட்டி! என் மேல் மோதிக்கொண்டு, அந்தப் பொம்பளையை ஓடையில் தள்ளிவிட்டு, ஆல்யாவைத் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு. ஓடுகிறவனைத்தானே அது துரத்தும். கரடி என்னைப் பார்க்கக்கூட இல்லை. போகிற போக்கில் அதன் தோள் பட்டது, அவ்வளவுதான். லாரி மோதிய மாதிரி. சுவரில் அடித்துக் கீழே விழுந்தேன். உள்ளே ஏதோ ஒடிந்தது.

குகைவாயில் தாண்டி, சாம்பல் படிந்த பனிமேல் அவனைப் பிடித்தது. படுத்திருந்த இடத்திலிருந்து எனக்கு நேராகத் தெரிந்தது. முதலில் தோள். அப்புறம் தலை. தலைத்தோல் கிழிவது துணி கிழிவது மாதிரி இருக்காது. வேறு மாதிரி இருக்கும். அதை எழுதப்போவதில்லை. அவன் வலது கையை முகத்துக்குக் குறுக்கே வைத்தான். கரடி அந்தக் கையைக் கடித்து உலுக்கியது. நாய் செருப்பை உலுக்கும்.

ஆல்யா வாயிலில் நின்றாள். கரடிக்குப் பின்னால். பத்தடி இருக்காது. அவள் பின்னால் இருந்து கயிற்றை இழுத்தால் போதும், கரடிக்கு முன்னால் மலை முழுக்கத் திறந்து கிடக்கிறது, ஓடிவிடும். எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரியும். தீக்குழல் கையில் இருந்தது. மூடியைத் திருகி எடுத்துவிட்டாள். கயிற்று வளையம் விரலில் மாட்டியிருந்தது.

"ஆல்யா! இழு! ஆல்யாஆ!"

அவள் இழுக்கவில்லை.

கை நடுங்கவில்லை. நின்றாள். அவன், ரத்தம் மூடாத ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்துக்கொண்டே கத்தினான். அவளும் ஒற்றைக் கண்ணால்தான் பார்த்தாள், இன்னொன்றை அவன்தான் மூடிவைத்திருக்கிறானே. அவன் கத்துவது கெஞ்சலாக மாறியது. கெஞ்சல் அழுகையாக மாறியது. "ஆலெச்கா, ஆலெச்கா" என்று, காதலித்த காலத்தில் செல்லமாகக் கூப்பிட்ட மாதிரி. அவள் நின்றாள்.

எவ்வளவு நேரம்? தெரியாது. எனக்கு ஒரு குளிர்காலம் போல இருந்தது.

யார் கத்தினார்கள் என்று நினைக்கிறாய், ஜீனா? அவன் கழுத்தை நெரிக்க ஆசைப்பட்ட நீதான். டயர் லீவர் தூக்கிய நீதான். "இழுடீ! செத்துடுவான்டீ! இழு!" என்று தொண்டை கிழியக் கத்தியது நீதான்.

ஆல்யா திரும்பி என்னைப் பார்த்தாள். அடுப்பில் இருக்கும் கஞ்சி வெந்துவிட்டதா என்று பார்ப்பாளே, அந்த முகம். அப்புறம் இழுத்தாள்.

கரடி போய்விட்டது.

ஜூலை 27

வண்டியை நான்தான் ஓட்டினேன். உடைந்த விலாவோடு. பின்னால் அவன் தலையை மடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தது ஆல்யா. கண்ணாடியில் பார்த்தேன். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான், வழி நெடுக.

ஜூலை 31

விசாரணைக்கு ஆள் வந்தார். சின்னப் பையன், சவரம் செய்த கன்னத்தில் வெட்டுக்காயம். பின்வாசலை யார் பார்த்தது என்று கேட்டார். ஸவேலிச் எழுந்து நின்று, "பாத்தேன்னு அவன் சொன்னான், நான் நம்பினேன்" என்றார். நான், "அவன் பாக்கல, குடிச்சுக் கிடந்தான், எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றேன். ஸவேலிச் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. சொல்லியிருக்கலாமே என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அறைந்திருப்பேன், இல்லை அழுதிருப்பேன்.

அப்புறம் தீக்குழல் விஷயம். ஏன் தாமதம் என்று கேட்டார். அந்த ஓம்ஸ்க் பெண்ணே பதில் சொல்லியிருக்கிறாளாம். "பாவம், பயத்துல அப்படியே உறைஞ்சுபோயிட்டாங்க. யாரா இருந்தாலும் அப்படித்தான்." அதிர்ச்சி என்று எழுதிக்கொண்டார். என்னைக் கேட்டபோது நானும் ஆமாம் என்றேன்.

கிளிம் என்ன சொன்னான் என்று கேட்டேன். எதுவும் நினைவில்லை என்றானாம்.

பொய். எல்லாம் நினைவிருக்கிறது அவனுக்கு.

ஆகஸ்ட் 4

ஆஸ்பத்திரிக்கு ஆல்யாவோடு போனேன். மீன் சூப் கொண்டுபோயிருந்தாள். வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தலையில் கட்டு. ஒரு காது இல்லை. எனக்கு இரக்கம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. சந்தோஷமும் வரவில்லை. அதுதான் அதிசயம்.

ஆல்யா ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோனாள். உதட்டை இறுக்கிக்கொண்டான். அவளைப் பார்க்காமல் என்னிடம் சொன்னான், "முதல்ல நீ குடி, ஜீனா."

டிரைவரம்மா இல்லை. ஜீனா!

நான் குடித்தேன். உப்பு கொஞ்சம் அதிகம்தான். அவன் குடித்தான், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கிளம்பும்போது அவள் பாத்திரம் கழுவப் போனாள். அவன் இடது கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். "நீ போகாத. அவ கூட என்னத் தனியா விடாத." கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான், "அவ பாத்துக்கிட்டே நின்னா, ஜீனா. நீயும் பாத்தல்ல? நின்னா."

பார்த்தேன் என்றேன்.

ஆகஸ்ட் 10

ஆல்யா வீட்டில் மீன்முட்டைக்கு உப்புப் போட்டோம். சல்லடையில் தேய்த்துத் தேய்த்து என் கை சிவந்துவிட்டது. கண் வீக்கம் வடிந்து பழைய முகம் வந்திருக்கிறது அவளுக்கு. ஒரு பல் மட்டும் இல்லை.

கேட்கவே கூடாது என்றுதான் இருந்தேன். என் வாய் என்றைக்கு என் பேச்சைக் கேட்டிருக்கிறது?

"அன்னிக்குப் பயந்துட்டியா?"

"இல்ல."

"அப்ப ஏன்டீ நின்ன?"

உப்பு போதுமா என்று தெரிய, தண்ணீரில் போட்ட உருளைக்கிழங்கு மிதக்கிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவன் அடிக்கும்போதெல்லாம் நான் கத்துவேன். நிறுத்து, கிளிம், நிறுத்துன்னு. அவன் என்னப் பாத்துக்கிட்டே நிப்பான். கேக்குது அவனுக்கு. நிறுத்தணுமா வேணாமான்னு யோசிப்பான். அந்த முகம் எனக்கு நல்லாத் தெரியும்." ஒரு சிட்டிகை உப்பு போட்டாள். "அன்னிக்கு அவன் கத்தினான். நானும் யோசிச்சேன்."

"நான் கத்தாம இருந்திருந்தா?"

"தெரியாதுக்கா."

என் தங்கை. சிலந்தியை ஜன்னலுக்கு வெளியே விடுகிறவள். முட்டையை ஜாடியில் நிரப்பி மூடியை இறுக்கி என்னிடம் கொடுத்தாள், "உனக்கு இது, எனக்கு அது" என்று. வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 11

நான் அவனை அத்தனை அடி அடித்தேன், என்னைப் பார்த்து ஒருநாளும் பயந்ததில்லை அவன்.

ஆகஸ்ட் 23

மலை மறுபடி வெள்ளையாகப் புகைகிறது. குகையை ஸவேலிச் இந்தப் பருவத்துக்கு மூடிவிட்டார். வாயிலில் கயிறு கட்டிப் பலகை மாட்டினேன். உள்ளேயிருந்து குளிர்காற்று வந்தது. எட்டிப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 7

ஆல்யா வீட்டுக் குழாய் சொட்டுகிறது என்று ரெஞ்சோடு போயிருந்தேன். கழுவுதொட்டிக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு கிடந்தபோது வாசல் மணி அடித்தது. அவள் போய்க் கதவைத் திறந்தாள். பேச்சுச் சத்தம் இல்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். ரெஞ்ச் கையிலேயே இருந்தது.

படிக்கட்டில் கிளிம். இன்றுதான் விட்டிருக்கிறார்கள் போல. தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டிருந்தான், வலது கைச் சட்டை மடித்துக் குத்தியிருந்தது. வாசலிலிருந்து இரண்டடி தள்ளியே நின்றான். இந்த வீட்டுக் கதவை எத்தனை தடவை காலால் உதைத்துத் திறந்திருக்கிறான்.

"என் சாமான் கொஞ்சம்…" என்றான். "அண்ணன் வீட்டுக்குப் போறேன். கப்பல் நாளைக்கு."

ஆல்யா உள்ளே போனாள். பை தயாராகவே இருந்தது. பூட்ஸ், குளிர்ச்சட்டை, சவரச் செட், எல்லாம் மடித்து வைத்திருக்கிறாள். எப்போது அடுக்கினாளோ. தூக்கிக்கொண்டு வந்தாள்.

உள்ளே வா என்று சொல்வாள் என்று நினைத்தேன். இல்லை, வெளியே போய்க் கொடுப்பாள். என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, "படிக்கு மேல நீட்டாதடீ" என்று.

அவள் உள்ளேயே நின்றுகொண்டு, வாசற்படிக்கு மேலே பையை நீட்டினாள்.

அவனும் இந்த ஊர்க்காரன்தான். அவன் அம்மாவும் சொல்லித்தான் வளர்த்திருப்பாள். பையைப் பார்த்தான், வாசற்படியைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். கையை நீட்டத் தயங்கினான். அவள் அவசரப்படுத்தவில்லை. கை தாழாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு நின்ற மாதிரியே.

இடது கையால் வாங்கிக்கொண்டான். படியிறங்கிப் போனான்.

ஆல்யா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். "குழாய் சரியாயிடுச்சா?" என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். டீ போட்டாள், இரண்டு பேருக்கும்.